ஆற்றங்கரையோரம் ஒரு நாள் நடை

கடலோரத் தமிழ் முஸ்லிம் ஊர்களில் மலேசியாவில் உறவினரைக் கொண்ட குடும்பங்கள் ஏராளம். அவர்களைக் காணச் செல்வோர் பினாங்குக் கடைவீதியையும் கோலாலம்பூரின் வானுயர்ந்த கட்டடங்களையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புகின்றனர். அந்நாட்டின் நடுவே பரந்து கிடக்கும் பழம்பெரும் காட்டைக் கண்டு வருவோர் சிலரே. பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு காட்டுக்குள் செல்வதா என்ற தயக்கமே இதற்குக் காரணம். முறையாகத் திட்டமிட்டால் அத்தயக்கத்திற்கு இடமில்லை. திட்டமிடாமல் சென்றாலோ, அத்தயக்கம் நியாயமானதே. இவ்விரண்டையும் நான் ஒரே நாளில் கற்றுக்கொண்டேன்.

அக்காட்டின் பெயர் தாமான் நெகாரா. மலாய் மொழியில் 'தேசியப் பூங்கா' என்பது இதன் பொருள். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் காப்புக்காடாக்கப்பெற்று, நாடு விடுதலை பெற்றபின் இப்பெயரை அடைந்தது. பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோ மீட்டர் பரப்பில் விரிந்துள்ளது. 13 கோடி ஆண்டுகள் பழைமையான மழைக்காடு என்று இதனைக் கூறுவர். தகான் ஆறு தெம்பெலிங் ஆற்றோடு கலக்குமிடத்தில் உள்ள கோலா தகான் என்னும் சிற்றூரே இதன் முதன்மையான நுழைவாயில். ஜெராந்துட் நகரிலிருந்து அங்குச் செல்லச் சாலை வசதி உண்டு. ஊரின் எதிர்க்கரையில் பூங்கா அலுவலகம் இருக்கிறது. அங்கே அனுமதிச் சீட்டுப் பெற்றுத்தான் உள்ளே செல்ல வேண்டும்.

அலுவலகத்திலிருந்து தகான் ஆற்றையொட்டி வடக்கே செல்லும் ஒரு பாதை, லாத்தா பெர்கோ என்ற இடத்தை அடைகிறது. அது உயரத்திலிருந்து விழும் அருவியன்று. பெரும் பாறைகளின்மீது நீர் நுரைத்து உருண்டோடும் சரிவு. தொலைவு ஏறக்குறைய 8 அல்லது 9 கிலோ மீட்டர். மலையேற்றம் மிகுதியில்லை, எனினும் வேர்களும் சேறும் சிற்றோடைகளும் நிறைந்த வழி. கரையிலுள்ள நெராம் மரங்கள் ஆற்றின்மீது சாய்ந்து பந்தலிட்டிருக்கும் காட்சி கண்கொள்ளாதது.

கணக்கு யாரைக் கொண்டு?

சிலாங்கூரில் வாழும் என் லாத்தாவின் குடும்பத்துடன் நான் அங்குச் சென்றேன். முந்தைய நாள் இரவு மச்சானும் நானும் தாளும் பேனாவுமாக அமர்ந்தோம். லாத்தாவின் மகன் மூன்று மணி நேரத்தில் நடந்துவிடலாம் என்றான். அது அவனுடைய கால்களின் கணக்கு. லாத்தாவுக்கோ முழங்கால் வலி. "என்னால் உங்களுக்கு இடைஞ்சல், நான் விடுதியிலேயே இருந்துகொள்கிறேன்" என்றார்கள்.

அவர்களை விட்டுச் செல்ல எங்களுக்கு மனமில்லை. ஆகவே அவர்களையே அளவுகோலாகக் கொண்டோம். மணிக்கு இரண்டு கிலோ மீட்டர் வீதம் நான்கரை மணி நேரம். நடந்தே திரும்பினால் ஒன்பது மணி நேரம். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டாலும் மாலை ஐந்தாகிவிடும். வெளியே சூரியன் ஏழு மணிக்கு மேல் மறைந்தாலும், அடர்ந்த மரங்களின் கீழ் இருள் முன்னதாகவே சூழ்ந்துவிடும். ஒருவருக்குக் கால் பிசகினாலும் இரவு காட்டில்தான். எனவே, செல்லும்போது நடை, திரும்பும்போது படகு என்று முடிவு செய்து, படகுத்துறையில் ஒருவரிடம் பகல் ஒரு மணிக்கு லாத்தா பெர்கோவுக்கு வருமாறு முன்கூட்டியே பேசிவைத்தோம். லுஹர் நேரமும் அதையொட்டியே வருவதால், தொழுதுவிட்டுப் படகேறலாம் என்பது எங்கள் எண்ணம்.

தாளின் அடியில் மச்சான் இரு விதிகளை எழுதினார். பத்தரை மணிக்குள் பாதி வழி கடக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும். நம்மில் எவரேனும் ஒருவர் 'வேண்டாம்' என்றால், அதற்குமேல் வாதம் கூடாது.

ஆறு தடுத்த இடம்

நடை இனிதாகவே அமைந்தது. லாத்தா பலமுறை அமர்ந்தார்கள். அவர்கள் அமர்ந்தபோதெல்லாம் நாங்களும் அமர்ந்தோம். அதனால்தான் இருவாட்சிப் பறவைகளின் இறக்கையோசையைக் கேட்கவும், மரத்தில் அசைவற்றுக் கிடந்த உடும்பைக் காணவும் முடிந்தது.

லாத்தா பெர்கோவை அடையுமுன் ஆற்றைக் கடக்க வேண்டும். நாங்கள் அங்கே சென்றபோது நீர் செம்மண் நிறமாகக் கலங்கியிருந்தது. இலைகளும் சுள்ளிகளும் விரைந்து மிதந்து சென்றன. எங்கள் தலைக்குமேல் வானமோ தெளிவாக இருந்தது. "தொடையளவு நீர்தான், மாமா! கைகோத்துக் கடந்துவிடலாம்" என்றான் மருமகன். வழிகாட்டி ஒருவரை நாங்கள் அமர்த்திக்கொள்ளவில்லை. அது எங்கள் பிழை. உண்மையைச் சொன்னால், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று என் மனமும் கடக்கவே விரும்பியது.

அப்போது லாத்தா, "வேண்டாம்" என்றார்கள். முன்னிரவில் எழுதிய விதி இருந்ததால் எவரும் மறுத்துப் பேசவில்லை. கரையிலேயே காத்திருந்தோம். நாங்கள் பேசிவைத்த படகுக்காரர் சிறிது நேரத்தில் வந்து சேர்ந்தார். மேலே மலைப்பகுதியில் இரவு நல்ல மழை என்றும், நீர் இன்னும் ஏறும் என்றும் சொல்லி, உடனே திரும்பிவிடுவதே நல்லது என்றார். படகேறும் வேளையில், சற்றுமுன் நாங்கள் கால் நனைத்த கற்கள் நீருக்குள் மறைந்திருந்தன.

வேகமாக ஓடும் நீர் முழங்காலளவு இருந்தாலே வளர்ந்தவரையும் வீழ்த்தக்கூடும். வானம் தெளிவாயிருப்பது ஆற்றுக்குச் சான்றாகாது. மேலே பெய்த மழை சில வேளை விரைவாகவும், சில வேளை பல மணி நேரம் கழித்தும் கீழே வந்து சேரும். நீர் கலங்குவதும், குப்பை மிதந்து வருவதும், ஓசை மாறுவதும் அதன் அறிகுறிகள். இவ்வறிகுறிகளைக் கண்டால் கரையிலிருந்து மேடான இடத்திற்கு விலகிவிட வேண்டும். 2014 டிசம்பர் வெள்ளத்தில் இப்பூங்காவிலேயே வெளிநாட்டுப் பயணிகள் சிக்கிக்கொண்டு மீட்கப்பட வேண்டியதாயிற்று. ஆதலால் நவம்பர் முதல் ஜனவரி வரையுள்ள பருவமழைக் காலத்தைத் தவிர்த்துவிட வேண்டும்.

செல்வோர் கவனத்திற்கு

பூங்கா அலுவலகத்தில் எங்குச் செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதைத் தெரிவித்துவிட்டுச் செல்லுங்கள். காட்டினுள் கைப்பேசி பயன்படும் என்று நம்பியிருக்கக்கூடாது. குடும்பத்துடன் செல்வோர் உரிமம் பெற்ற வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது நன்று.

ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர் தேவை. வெப்பத்தில் சோறு கெட்டுவிடும். ரொட்டி, பேரீச்சம்பழம், கடலை போன்றவை ஏற்றவை. வியர்வை மிகுதியாதலால் சிறிது உப்பும் வேண்டும். மழையங்கி, கைவிளக்கு, சிறு மருந்துப்பை, திசைகாட்டி ஆகியவற்றை மறவாதீர்கள்.

பெண்களின் நீண்ட அங்கிகள் பிரம்புக் கொடியின் வளைந்த முட்களில் சிக்கும். தளர்வான காற்சட்டையும், அதன்மேல் முழங்கால்வரை நீண்ட மேலாடையும், முனைகளை உட்செருகிய தலைத்துணியும் மறைவுக்கும் நடைக்கும் பொருந்தும். காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிக்கொண்டால் அட்டைக் கடி குறையும். காலணிக்குப் பெரும்பணம் செலவிட வேண்டியதில்லை. ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் அணிந்த கறுப்பு ரப்பர் காலணியை 'அடிடாஸ் கம்போங்' என்று அங்குள்ளோர் வேடிக்கையாக அழைப்பர். மலிவான அது சேற்றில் எளிதில் வழுக்குவதில்லை.

அன்று நாங்கள் லாத்தா பெர்கோவைக் காணவில்லை. கொண்டு சென்ற உணவை விடுதித் திண்ணையில் அமர்ந்துதான் உண்டோம். மருமகனின் முகம் மட்டும் வாடியிருந்தது. மாலையில் ஆற்றங்கரைக்குச் சென்று, பெருகியோடும் நீரை நெடுநேரம் பார்த்து நின்றான். திரும்பி வந்தவன், "உம்மா, அடுத்த முறையும் நீங்கள் வர வேண்டும்" என்றான். விடுதியிலேயே இருந்துகொள்வதாகச் சொன்ன லாத்தா, "எந்த மாதம் என்று இப்போதே எழுதிவை" என்றார்கள்.