பிடிப்பது பாதி, விடுவது மீதி

கிழக்கே அகத்தியமலைக் காடுகளும் மேற்கே அரபிக்கடலும் எல்லைகளாக அமைய, இடைப்பட்ட குன்றுகளிலும் பள்ளங்களிலும் தோப்பும் குடியிருப்பும் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்துள்ள திருவனந்தபுரத்தில், பாம்பு நெடுங்காலமாக மனிதருக்கு அண்டை உயிராகவே வாழ்ந்துவருகிறது. வீட்டு வளாகத்தின் ஒரு மூலையைப் பாம்புகளுக்கென ஒதுக்கி, அங்குள்ள மரங்களை வெட்டாமல் காத்த ‘சர்ப்பக்காவு’ மரபு இந்த அண்டைமையை ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகும். காவுகள் அருகி வீடுகள் நெருங்கிவிட்ட இன்றைய நிலையில், செம்புறைக்கல் மதிலின் இடுக்கும் தேங்காய் மட்டைக் குவியலும் விறகடுக்கும் பாம்பின் புகலிடங்களாகிவிட்டதால், பாம்புகளைப் பாதுகாப்பாக இடம் மாற்றுவது எப்படி என்பது அன்றாடக் கேள்வியாகியுள்ளது.

இந்தியாவில் உயிரிழப்புக்குப் பெரிதும் காரணமான நான்கு பாம்புகள் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவை. இவற்றுள் முதல் மூன்றையும் மலையாளிகள் முறையே மூர்க்கன், வெள்ளிக்கெட்டன், அணலி என்பர். இந்நான்கின் நஞ்சைச் சிறிதுசிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்தே விஷமுறிவு மருந்து தயாரிக்கப்படுகிறது. அதற்கான நஞ்சைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நீண்டகாலமாக வழங்கிவருகிறது. ஆனால் கேரளத் தோட்டங்களில் சருகோடு சருகாகக் கிடக்கும் சிறிய குழிவிரியனின் கடிக்கு இம்மருந்து பயனளிப்பதில்லை. கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் இடையே வெப்பத்தை உணரும் குழி ஒன்று இருப்பதால் இப்பெயர் பெற்ற இவ்வினம், அமெரிக்கப் பாலைநில வீடுகளின் முற்றத்தில் அஞ்சப்படும் கிலுகிலுப்பைப் பாம்புக்கு உறவுடையது.

வாலைப் பிடித்துத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டும் பழக்கம் பாம்பு பிடிப்போர் பலரைக் கடிக்கு ஆளாக்கியதை அடுத்து, 2020ஆம் ஆண்டு கேரள வனத்துறை நெறிமுறைகளை வகுத்து, பயிற்சியும் சான்றிதழும் பெற்றவர்கள் மட்டுமே பாம்பு பிடிக்கலாம் என்று வரையறுத்தது. ‘சர்ப்பா’ என்ற கைபேசிச் செயலியின் வழியே தகவல் தெரிவித்தால் அருகிலுள்ள சான்றிதழ் பெற்ற மீட்பாளரை அணுக முடிகிறது. பயிற்சியில் கற்பிக்கப்படும் முறை பாம்பின் இயல்பையே துணையாகக் கொள்கிறது: துணிப்பையின் வாயில் ஒரு குழாயைப் பொருத்தித் தரையில் படுக்கவைத்து, முனை வளைந்த நீண்ட கம்பியால் பாம்பை மெல்லத் திருப்பிவிட்டால், வெளிச்சத்திலிருந்து ஒளிய இடம் தேடும் அது குழாயின் இருண்ட வாயை வளையென்று கருதித் தானே உள்ளே நுழைகிறது, கழுத்தை அழுத்தவும் வேண்டியதில்லை, கையால் தொடவும் வேண்டியதில்லை. 2025 ஜூலையில் பேப்பாறைக்கு அருகே ஓடையில் தென்பட்ட பெரிய ராஜநாகத்தை, பருத்திப்பள்ளி வனச்சரகத்தைச் சேர்ந்த பெண் வன அலுவலர் ஜி. எஸ். ரோஷ்ணி கம்பியும் பையும் கொண்டு பிடித்த காட்சி, நிதானமே இக்கலையின் உயிர் என்பதை நாடறியச் செய்தது.

எனினும், பைக்குள் பாம்பு சென்றதும் பணி முடிந்தது என்று எண்ணுவது பெரும் பிழையாகும். ஒவ்வொரு பாம்பும் தான் உலவும் எல்லைக்குள் எந்த வளையில் ஒளியலாம், எங்கே இரை கிடைக்கும், எங்கே நீர் உண்டு என்பதைப் பழக்கத்தால் அறிந்துவைத்திருப்பதால், தொலைவான இடத்தில் விடப்படும்போது அந்த அறிவு முழுவதையும் ஒருசேர இழந்துவிடுகிறது. அமெரிக்காவில் கிலுகிலுப்பைப் பாம்புகளின் உடலில் சிறிய வானொலிக் கருவியைப் பொருத்திக் கண்காணித்த ஆய்வாளர்கள், தொலைவில் விடப்பட்டவை ஓயாமல் அலைந்ததையும் உள்ளூர்ப் பாம்புகளைக் காட்டிலும் மிகுதியாக மடிந்ததையும் கண்டனர். கர்நாடகத்தின் ஆகும்பேயில் ராஜநாகத்தை இவ்வாறே பின்தொடர்ந்தபோதும், இடம் மாற்றப்பட்டது மிகுதியாக அலைந்தது தெரியவந்தது. காட்டை வாழிடமாகக் கொண்ட ராஜநாகத்தைப் பக்கத்துக் காட்டில் விடுவது பொருந்தும். வயலிலும் தோப்பிலும் எலி பிடித்து வாழும் நல்ல பாம்பை அடர்ந்த மழைக்காட்டில் கொண்டுபோய் விடுவது, காப்பாற்றுவதாக எண்ணி அதைக் கைவிடுவதற்கு ஒப்பாகும். ஆகவே, பிடித்த இடத்துக்கு இயன்றவரை அருகில், அந்த இனத்துக்கு உகந்த புதரும் நீரும் உள்ள ஆளில்லா இடத்தில் விடுவதே முறையாகும்.

வீட்டாரின் கடமையும் இதில் சிறிதன்று. பாம்பைக் கண்டவுடன் குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் அகற்றி, தொலைவில் நின்று அது எங்கே செல்கிறது என்பதைக் கண்காணித்தபடி மீட்பாளருக்குக் காத்திருக்க வேண்டும். கம்பால் சீண்டுவதும் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் மறைவிடத்தில் இருக்கும் பாம்பை வெறியூட்டி வெளியேற்றுமே தவிர வேறு பயன் தருவதில்லை. கடி நேர்ந்துவிட்டால் கடிவாயைக் கீறாமல், கயிற்றால் இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். கட்டுவிரியன் இரவில் கடிக்கும்போது வலியே தெரியாமல் போகலாம் என்பதால், வலியின்மையை நலமென்று கொள்ளலாகாது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கும் நிலையில், இந்த எளிய அறிவின் மதிப்பு அளவிடற்கரியது.

இடம் மாற்றப்பட்ட பாம்பு விட்டுச்சென்ற மதில் இடுக்கு அடைபடாமலும், சிந்திய தானியத்துக்கும் மீன் கழிவுக்கும் எலி வருவது நிற்காமலும் இருந்தால், அதே இடத்துக்கு வேறொரு பாம்பு வந்துசேரும். எனவே இடுக்கை அடைப்பதும், குப்பையை அகற்றுவதும், இரவில் கைவிளக்கோடு நடப்பதும் எந்த மீட்பாளரையும்விட முன்னதாகச் செயல்படும் காவலாகும். கேரளத்தார் ‘சேர’ என்றழைக்கும் நஞ்சற்ற சாரைப் பாம்பை நல்ல பாம்பிலிருந்து பிரித்தறியக் கற்ற குடும்பம், எலி தேடி வேலியோரமாகச் செல்லும் அதை எங்கும் மாற்றாமல் அதன் வழியே போகவிடும். பாம்புக்கும் மனிதருக்கும் அதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு வேறில்லை.