ஒரே சொல், நாலு சாமி! கோவில்பட்டி கரிசலில் மதங்கள் பகிர்ந்துகொண்ட வார்த்தைகள்

கழுகுமலைக்குச் சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு குழப்பம் வருவது சகஜம். மலை மேலே இருப்பது 'சமணர் பள்ளி' என்கிறார்கள். ஏறிப் போய்ப் பார்த்தால் அங்கே கரும்பலகையும் இல்லை, மணியும் இல்லை. பாறை முழுக்க வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். பக்கத்தில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள். இது எப்படிப் 'பள்ளி' ஆகும்?

கேள்வி சின்னதுதான். பதில், கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் ஆயிரத்து இருநூறு வருஷக் கதையாக நீள்கிறது. கோவில்பட்டியிலிருந்து முக்கால் மணி நேர பஸ் பயணத்துக்குள் சமணமலை, முருகன் கோவில், தமிழில் நபிகள் வரலாறு பாடிய புலவரின் அடக்கத்தலம், வீரமாமுனிவர் பணியாற்றிய தேவாலயம் எல்லாம் வந்துவிடுகின்றன. சாமிகள் வேறு வேறு. ஆனால், அந்தச் சாமிகளைப் பற்றிப் பேசும் சொற்கள் பெரும்பாலும் ஒன்றேதான்!

படுத்த இடம், படித்த இடம்

'பள்ளி' என்றால் முதலில் படுக்கும் இடம், தங்கும் இடம். பெருமாள் 'பள்ளி' கொள்வதும், சிவன் கோவிலில் ராத்திரி பூஜையில் சாமியைப் 'பள்ளியறை'க்கு அழைத்துப் போவதும் அந்த அர்த்தத்தில்தான். ஊர் ஊராக நடந்து திரிந்த சமணத் துறவிகள் தங்கிய குகையும் பாறையும் பள்ளி ஆயின. அங்கே அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தார்கள். அதிலிருந்துதான் 'பள்ளிக்கூடம்' வந்தது என்று மயிலை சீனி. வேங்கடசாமி போன்ற ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

பௌத்தர்களும் இந்தச் சொல்லை விடவில்லை. ராஜராஜ சோழன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்தை ஆனைமங்கலச் செப்பேடு 'பள்ளி' என்றே குறிக்கிறது. பிறகு வந்த இஸ்லாமியர்கள், தொழுகை நடக்கும் இடத்துக்குத் தமிழில் வைத்த பெயர் 'பள்ளிவாசல்'. 'மஸ்ஜித்' என்ற அரபுச் சொல்லுக்கு 'தலைவணங்கும் இடம்' என்று பொருள். அதை அப்படியே மொழிபெயர்க்காமல், இங்கே ஏற்கெனவே புழங்கிய ஒரு சொல்லுக்கு வாசல் வைத்துக்கொண்டார்கள்.

பெண் குருக்கள் இருந்த மலை

கழுகுமலைச் சிற்பங்களின் அருகே உள்ள கல்வெட்டுகள் பெரும்பாலும் ரொம்பச் சின்னவை. இந்தத் திருமேனியைச் செய்வித்தது இன்னார், அவர் எந்த ஊர், யாருடைய மாணாக்கர். அவ்வளவுதான். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில், பாண்டியர் ஆட்சியில் வெட்டப்பட்டவை. கிட்டத்தட்ட நூறு கல்வெட்டுகள் இருக்கின்றன.

அவற்றில் அடிக்கடி வரும் ஒரு சொல்லில் நின்றுவிடத் தோன்றுகிறது: 'குரத்தியார்'. 'குரவர்' என்றால் ஆசிரியர். குரத்தியார் என்றால் பெண் ஆசிரியர், பெண் துறவி. திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார் என்று ஊர்ப் பெயரோடு பாறையில் நிற்கிறார்கள். திருச்சாரணம் என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கிருந்து இந்தக் கரிசலுக்கு இன்றைக்குக் காரில் வந்தாலே சில மணி நேரம் ஆகும். இவர்களிடம் பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும் மாணாக்கர்களாக இருந்திருக்கிறார்கள்.

'குரு' என்ற சொல் இந்த வட்டாரத்தில் இன்றைக்கும் ஓய்வில்லாமல் உழைக்கிறது. கத்தோலிக்கர்களுக்குக் குருத்துவம், குருமடம். சீர்திருத்தத் திருச்சபையினருக்குக் குருவானவர். ஆனால், கத்தோலிக்கத் திருச்சபையில் பெண்கள் குருவாக முடியாது. சி.எஸ்.ஐ. திருச்சபையில் பெண் குருவானவர்கள் உண்டு. அதுவும் சமீப காலத்தில் வந்த மாற்றம். கழுகுமலைப் பாறையில் அது ஆயிரத்து இருநூறு வருஷம் முன்பே சாதாரண விஷயமாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. குரத்தியார் என்ற சொல்தான் வழக்கிலிருந்து காணாமல் போய்விட்டது.

நோன்பும் அசனமும்

ரம்ஜான் மாதம் வந்தால் கோவில்பட்டியிலும் எட்டயபுரத்திலும் நோன்புக் கஞ்சி வாசம் வரும். ஆடி மாதம் வரலட்சுமி நோன்பு, மார்கழியில் பாவை நோன்பு. 'நோன்பு' என்ற சொல்லின் வேர், பொறுத்துக்கொள்ளுதல், தாங்கிக்கொள்ளுதல். பசியைத் தாங்குவது எல்லாருக்கும் பொது. எதற்காகத் தாங்குகிறோம் என்பதில்தான் மதங்கள் பிரிகின்றன.

சமணருக்கு உயிரோடு ஒட்டியிருக்கும் வினையை உதிர்ப்பதற்கான வழி அது. சமணத்தில் 'வினை' என்பது வெறும் பாவக் கணக்கு அல்ல. தூசி மாதிரி உயிரில் வந்து படியும் நுண்பொருள். இஸ்லாத்தில் நோன்பு ஐந்து கடமைகளில் ஒன்று. விடியலுக்கு முன்பிருந்து சூரியன் மறையும் வரை தண்ணீர்கூடக் கிடையாது. அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிவதே இறையச்சத்துக்கான பயிற்சி. கோவில் நோன்புகளில் பெரும்பாலும் ஒரு வேண்டுதல் இருக்கும்: கல்யாணம், குழந்தை, மழை. கத்தோலிக்கர்களின் தவக்காலத்தில், சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, மனம் திரும்புதல்தான் மையம். அந்தத் 'தவம்' என்ற சொல்லும் பழைய துறவிகளுடையதுதான்.

இங்கே ஒரு சுவாரஸ்யம். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று என்ற பாறையில் ஒரு பழைய சமணக் கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் 'அனசனம்' நோற்று உயிர்விட்ட செய்தியை அது சொல்கிறது. அனசனம் என்றால் உண்ணாமை. அதில் முன்னொட்டை எடுத்துவிட்டால் 'அசனம்', அதாவது உணவு. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக்காரர்களுக்கு இப்போது சிரிப்பு வந்திருக்கும். சர்ச் திருவிழாவில் ஊருக்கே பெரிய பெரிய அண்டாக்களில் சமைத்துப் போடும் விருந்துக்கு இந்தப் பக்கத்தில் 'அசனம்' என்றுதான் பெயர்! துறவி விட்டுவிட்ட அதே சொல்லை எடுத்துப் பந்தி போட்டுவிட்டார்கள். கோவிலில் அதே பந்திக்கு அன்னதானம் என்று பெயர். தர்காவில் கந்தூரி, இது பாரசீகத்திலிருந்து வந்த சொல்.

எட்டயபுரத்தில் ஒரு புராணம்

எட்டயபுரம் என்றதும் 1882-ல் அங்கே பிறந்த பாரதி நினைவுக்கு வருவார். இசை தெரிந்தவர்களுக்கு, 1835-ல் அங்கே மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி. அதே ஊரில்தான் உமறுப் புலவரும் அடங்கியிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் பிறந்தவர். எட்டயபுரம் அரசவையில் இருந்த கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் படித்தவர். ஓர் இந்துப் புலவரின் மாணவர் எழுதியதுதான் நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைப் பாடும் 'சீறாப்புராணம்'.

தலைப்பைக் கவனியுங்கள். 'சீறா' என்பது அரபு. வாழ்க்கை வரலாறு என்று பொருள். 'புராணம்' வடமொழி. இரண்டையும் சேர்த்தது ஒரு தமிழ்ப் புலவர். உள்ளே போனால் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம். பிறப்பு, நபித்துவம், மதீனாவுக்குப் புலம்பெயர்தல் என்ற மூன்று அரபுச் சொற்களுக்குப் பக்கத்தில், கம்பராமாயணம் படித்தவர்களுக்குப் பழகிய 'காண்டம்'. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள்.

உமறு எல்லாவற்றையும் மொழிபெயர்த்துவிடவில்லை என்பதுதான் முக்கியம். இறைநூலுக்கு 'மறை', 'வேதம்' என்று சொல்லத் தயங்காதவர், நபித்துவம், ஹிஜ்ரத் போன்ற இடங்களில் அரபியை அப்படியே வைத்துக்கொள்கிறார். அந்தக் கருத்துகளுக்கு ஈடான சொல் இங்கே இல்லை என்று அவர் நினைத்திருக்கலாம். அவதாரம் என்று எழுதினால் சுலபமாகப் புரிந்திருக்கும். ஆனால் அது தப்பாகிவிடும். நபி என்பவர் இறைவனின் தூதர். இறைவனே இறங்கி வந்த வடிவம் அல்ல. எந்தச் சொல்லை எடுப்பது என்பதைப் போலவே, எதைத் தொடக் கூடாது என்பதும் தெரிந்த புலவர்.

'ஓதுதல்' மட்டும் தடையில்லாமல் எல்லா வாசலுக்கும் போய் வந்தது. சிவன் கோவிலில் தேவாரம் பாடுபவர் ஓதுவார். பள்ளிவாசலில் பிள்ளைகள் குர்ஆன் ஓதுகிறார்கள். உடம்பு சரியில்லாத குழந்தையை மதம் பார்க்காமல் தர்காவுக்குத் தூக்கிப் போய் 'ஓதி ஊதி' வருவது கரிசல் அம்மாக்களுக்குப் புதிதல்ல.

வேதக்கோவிலும் ஐயரும்

'கோவில்' என்ற சொல்லில்தான் கோவில்பட்டியே இருக்கிறது. கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. ஆனால் இந்த வட்டாரத்தில் ஒருவர் "ஞாயித்துக்கிழமை கோவிலுக்குப் போகணும்" என்றால், அவர் செண்பகவல்லி அம்மன் கோவிலுக்குத்தான் போகிறார் என்று முடிவு கட்டிவிட முடியாது. கத்தோலிக்கர்களுக்கும் அது கோவில்தான். கிறிஸ்தவர்கள் 'வேதக்காரர்கள்', அவர்களின் ஆலயம் 'வேதக்கோவில்' என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரிக், யஜுர், சாமம், அதர்வணம் என்று நான்கு வேதங்களையும் கொண்டாடுபவர்கள் அவர்களுக்கு வேதக்காரர்கள் இல்லை. பைபிளைக் கையில் வைத்திருப்பவர்தான் வேதக்காரர்!

இதைவிட வேடிக்கை 'ஐயர்'. நெல்லைச் சீமை சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் தங்கள் போதகரை அப்படித்தான் அழைத்தார்கள். ஜி.யு.போப் 'போப்பையர்' ஆனதும் அப்படித்தான். கத்தோலிக்கப் பாதிரியார் 'சாமி'.

இந்தச் சொற்கள் தானாக வந்துவிடவில்லை. யோசித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியில் 1680-ல் பிறந்த பெஸ்கி என்ற வீரமாமுனிவர், கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் பணியாற்றியவர். 'தேம்பாவணி'யில் சூசையப்பருக்கு அவர் வைத்த பெயர் 'வளன்'. யோசேப்பு என்ற எபிரேயப் பெயரின் பொருள் பெருகுதல், கூடுதல். பொருளையும் விடவில்லை, தமிழ்க் காதுக்கும் உறுத்தவில்லை. 1732-ல் 'சதுரகராதி' தொகுத்தவருக்கு ஒரு சொல்லின் எடை தெரியாதா?

தேர் நின்ற தெரு

சொற்கள் பகிர்ந்துகொண்டதால் மனிதர்களும் பகிர்ந்துகொண்டார்கள் என்று எழுதிவிட ஆசைதான். கழுகுமலை அதற்கு இடம் கொடுக்காது.

கழுகாசலமூர்த்தி கோவில் தேரோடும் வீதிகளில் தங்கள் ஊர்வலங்கள் போகக் கூடாது என்ற தடையை எதிர்த்து நாடார் சமூகத்தினர் பல ஆண்டுகள் போராடினார்கள். வழக்கும் நடந்தது. அவர்களில் பலர் கத்தோலிக்கத்தில் சேர்ந்தார்கள். தேர் வீதியிலேயே இடம் வாங்கி ஜெபக்கூடம் அமைத்தார்கள். அதன் முன்னால் போட்ட பந்தல் தேருக்கு இடைஞ்சல் என்று தகராறு ஆனது. 1895 பங்குனித் திருவிழாவில் அது பெரும் கலவரமாக வெடித்தது. இரண்டு தரப்பிலும் உயிர்ப்பலி. வீடுகள் எரிந்தன. 'தேர்' என்ற சொல் இருவருக்கும் பொது. தேர் போகும் தெரு பொதுவாக இல்லை. சாதி குறுக்கே நின்றது.

இன்றைக்குக் கழுகுமலையில் பங்குனித் தேர் ஓடுகிறது. ஆகஸ்ட் 15 அன்று காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதாவின் தேர் பவனி. முன்னதாகக் கொடியேற்றம். தேருக்குப் பின்னால் தரையில் விழுந்து கும்பிட்டு எழுந்து வரும் நேர்த்திக்கடனுக்கு 'கும்பிடு சேவை' என்று பெயர். கும்பிடு தமிழ், சேவை வடமொழி, தேரில் இருப்பவர் கலிலேயாவிலிருந்து வந்தவர்.

கழுகுமலை போகிறவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை காலைச் சுடும். பாதியில் நின்றுபோன ஒற்றைக்கல் வெட்டுவான் கோவிலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாமல், சமணச் சிற்பங்களின் அருகே குனிந்து பாருங்கள். சாய்வெயில் விழும்போது வட்டெழுத்துகள் எடுப்பாகத் தெரியும். குரத்தியார்களின் பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன.