மங்கையர் மற்போர்: யப்பானியக் கோதாவிலே நான்கு போட்டிகள்

மல்யுத்தம் என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் நம்மவரின் மனக்கண் முன் தோன்றுவோர் பருத்த தோளும் தடித்த கழுத்தும் படைத்த ஆடவரே. கிங்காங், தாராசிங் ஆகியோரின் கதைகளைக் கேட்டு வளர்ந்தோர் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால், யப்பான் தேசத்திலே பதினைந்து, பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பெண்கள் கோதாவில் இறங்கிப் பொருது, பல்லாயிரம் மக்களை ஆர்ப்பரிக்கவும் அழவும் வைத்த ஒரு காலம் இருந்தது. அவர்களைக் காண முண்டியடித்து வந்தவர்களுட் பெரும்பாலோர் ஆடவரல்லர், பள்ளிச் சிறுமியர் என்பதே இதில் விந்தை.

இத்தகைய போட்டிகளை மதிப்பிட்டு எழுதப் புகுவோர் முதலிலேயே ஒரு கேள்விக்கு விடையிறுத்தாக வேண்டும். வெல்பவர் யார், தோற்பவர் யார் என்பது பெரும்பாலும் முன்னதாகவே தீர்மானிக்கப்படுகிறது. முடிவு தெரிந்த போட்டியில் விமர்சிப்பதற்கு என்ன இருக்கிறது? கூத்துப் பார்க்கும் நமக்கு இக்கேள்வி அவ்வளவு கடினமானதன்று. துரியோதனன் இறுதியில் வீழ்வான் என்பதை அறிந்துகொண்டுதானே விடிய விடிய விழித்திருக்கிறோம்? அவன் வீழும் விதமே நமக்கு வேண்டியது. ஆயினும் இரண்டுக்குமிடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கூத்தாடியின் மரக்கத்தி வெட்டுவதில்லை. கோதாவிலோ முடிவு புனைவாக இருக்கலாம். தலைகீழாகத் தூக்கி எறியப்படும் உடல் தரையில் மோதுவது புனைவன்று. ஆதலால் இங்கே விமர்சகனின் கையில் ஒன்றல்ல, இரண்டு தராசுகள் இருக்கவேண்டும்.

வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். யுத்தம் முடிந்து மூன்றாண்டுகளின் பின், 1948 ஆம் ஆண்டில், இகாரி குடும்பத்துச் சகோதரர்களும் அவர்கள் தங்கையும் அமெரிக்கப் படைமுகாம்களிலே நகைச்சுவை கலந்து ஆடிக் காட்டிய மற்போரே இதன் தொடக்கம். 1954 ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க வீராங்கனை மில்ட்ரெட் பேர்க் தம் குழுவினருடன் யப்பான் வந்தார். அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் ரிக்கிடோசான் என்னும் மல்லர், அமெரிக்காவிலிருந்து வந்த ஷார்ப் சகோதரர்களுடன் பொருததைத் தெருமுனைத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் கூடிநின்று மக்கள் கண்டு களித்திருந்தனர். பேர்க் அம்மையார் வந்து சென்றபின் மங்கையர் மற்போரும் சிறிது காலம் செழித்து, பின்னர் மங்கிப்போயிற்று. 1968 இல் மற்சுநாகா சகோதரர்கள் அகில யப்பான் மகளிர் மற்போர்ச் சங்கத்தை நிறுவிய பின்னரே அது நிலைபெற்றது.

அச்சங்கத்தின் விதிகள் ஒரு கன்னிமாடத்தின் விதிகளை நினைவூட்டுவன. மது கூடாது, புகை கூடாது, ஆடவர் நட்புக் கூடாது. இருபத்தைந்து வயதில் ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்பது எழுதப்படாத கட்டளை. ஒரு பெண்ணின் உழைப்பும் புகழும் பத்து ஆண்டுகளுக்குள் அடங்கிவிட வேண்டும் என்று வகுத்தவர்கள் ஆடவர் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இனிப் போட்டிகளுக்கு வருவோம். முதலாவது, 1979 ஆம் ஆண்டு பெப்ரவரி 27 ஆந் திகதி டோக்கியோவின் புடோக்கான் மண்டபத்திலே நிகழ்ந்தது. ஜாக்கி சாட்டோ, மாக்கி உவேடா என்ற இருவரும் ‘அழகுச் சோடி’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் பூண்டு, 1976 முதல் ஒன்றாய்ப் பொருதும் ஒன்றாய்ப் பாடியும் நாடெங்கும் புகழ் பெற்றிருந்தனர். அவர்களின் இசைத்தட்டுகள் இலட்சக்கணக்கில் விற்பனையாயின. அந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, தோற்பவர் கோதாவை விட்டே விலக வேண்டும் என்று நிபந்தனை விதித்தனர் சங்கத்தார். சாட்டோ வென்றார். இருபதாவது பிறந்த நாளைக்கூடக் காணாத உவேடா அத்துடன் விலகினார்.

இப்போட்டியின் படச்சுருளைப் பார்ப்போருக்குப் பெரிய சாகசம் எதுவும் தென்படாது. பிடிகள் எளியவை, வேகமும் மந்தமே. எனினும் கண்ணை அகற்ற முடியவில்லை. அக்காலத்தில் அச்சங்கத்தின் போட்டிகள் பலவற்றில், எதிராளியின் தோள்களைத் தரையோடு அழுத்தும் இறுதிப் பிடி மட்டும் ஒத்திகையின்றி மெய்யாகவே நடந்தது என்று வீராங்கனைகள் பின்னாளில் கூறியுள்ளனர். ஆட்டம் ஆட்டமாகவே சென்று, கடைசி மூச்சில் மெய்யாகிவிடும். இதை அறிந்துகொண்டு பார்க்கும்போது, உவேடா ஒவ்வொரு தடவையும் தோளை உயர்த்தித் திமிறுவது வேறு பொருளைத் தருகின்றது.

இரண்டாவது போட்டியே இந்நான்கனுள் தலையாயது என்பது என் துணிபு. சிகுசா நாகயோவும் லயனஸ் அசுக்காவும் சேர்ந்த ‘கிரஷ் கேல்ஸ்’ என்ற சோடி 1983 இல் உருவாகி, பள்ளிச் சிறுமியரின் கண்கண்ட தெய்வமாக விளங்கிற்று. அவர்களை எதிர்த்து நின்றவர் டம்ப் மற்சுமோட்டோ. பெருத்த உடல், முகத்திலே கோரச் சாயம், கையிலே சங்கிலியும் மூங்கில் வாளும். 1985 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28 ஆந் திகதி ஒசாக்கா நகரில் சிகுசாவும் டம்ப்பும் தலைமயிரைப் பணயம் வைத்து மோதினர். தோற்பவரின் தலை அங்கேயே மழிக்கப்படும்.

கையிற் கிடைத்த ஆயுதத்தாலெல்லாம் டம்ப் தாக்க, சிகுசாவின் முகத்தில் இரத்தம் வழிந்தது. மத்தியஸ்தர் அபே ஷிரோ கொடியவர் பக்கம் சாய்வதற்கென்றே பேர்போனவர். அன்றும் அவர் வேண்டிய இடத்திற் கண்ணை மூடிக்கொண்டார். சிகுசா தோற்றார். கோதாவின் நடுவே அவரை இருத்தி இயந்திரத்தால் தலையை மழித்தபோது மண்டபம் நிறைந்திருந்த சிறுமியர் கதறிய கதறல், படச்சுருளில் இன்றும் கேட்போரை நடுங்க வைக்கும். நாயகி வென்றே தீர வேண்டும் என்ற நியதியை அன்று சங்கத்தார் முறித்தனர்.

தொழில்நுட்பத்தை மட்டும் அளக்கும் விமர்சகர் இதிற் குறை காணலாம். ஆனால், அடிப்பதைவிட அடிபடுவதே அரிய கலை. அக்கலையில் சிகுசாவுக்கு நிகரானோரை நான் கண்டதில்லை. விழுந்து கிடக்கும் வேளையில் ஒரு கையை மெல்ல உயர்த்தி, அதுவும் முடியாமல் தாழ்த்துவார். அந்த ஒரு செய்கையில் மண்டபம் முழுவதும் எழுந்து நிற்கும். டம்ப்பின் திறமையோ இதனினும் குறைத்து மதிப்பிடப்பட்டது. தன்னை எல்லோரும் வெறுக்கும்படி நடந்துகொள்வதற்குக் கூச்சத்தை மட்டுமல்ல, வேறு பலவற்றையும் துறந்தாக வேண்டும். அவ்வெறுப்பு கோதாவோடு நிற்காமல் அவர்தம் குடும்பத்தார் வரை சென்றது. மறு ஆண்டு நவம்பரில் அதே ஒசாக்காவில் சிகுசா வென்று டம்ப்பின் தலையை மழிப்பித்தார். அது நீதி வழங்கிய போட்டி. ஆயின் நினைவில் நிற்பது முந்தியதே.

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆந் திகதி, யொக்கோஹாமாவில், இரும்புவலைக் கூண்டினுள் புல் நக்கானோவும் ஆஜா கொங்கும் மோதினர். இருவரும் டம்ப்பின் கூடாரத்தில் வளர்ந்தவர்கள். நக்கானோ கூண்டின் உச்சிக்கு ஏறி, கீழே கிடந்த ஆஜாவின் மீது காலை நீட்டியபடி பாய்ந்தார், வெற்றியும் அவருடையதாயிற்று. அந்த ஒரு பாய்ச்சலுக்காகவே இப்போட்டி பேசப்படுகின்றது. அதன் முன்னும் பின்னும் உள்ளவை அத்துணைச் சிறப்புடையனவல்ல என்று கூறினால் அன்பர்கள் சினங்கொள்ளக்கூடும்.

நான்காவது, 1993 ஆம் ஆண்டு ஏப்ரல் 2 ஆந் திகதி யொக்கோஹாமா அரங்கில் நடந்தது. ஒருபுறம் அக்கிரா ஹொக்குட்டோ. இவர் இருபது வயது நிரம்பாத 1987 ஆம் ஆண்டிலே கழுத்தெலும்பு முறிந்த நிலையில், தலையை இரு கைகளாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு போட்டியைத் தொடர்ந்தவர். மறுபுறம் ஷினோபு கந்தோரி. உலக ஜூடோப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றவர். வேறொரு சங்கத்தைச் சேர்ந்தவர். 1987 இல், நாம் மேலே கண்ட ஜாக்கி சாட்டோ மீண்டும் கோதாவுக்கு வந்திருந்த வேளை, இதே கந்தோரி ஒத்திகையைக் கைவிட்டு மெய்யாகவே தாக்கி அவரைப் பணிய வைத்ததும் எல்லோரும் அறிந்த செய்தி. ஆகவே, கந்தோரி ஹொக்குட்டோவின் தோளைப் பற்றித் திருகிய முதற் கணத்திலேயே, இது ஆட்டமா மெய்யா என்ற ஐயம் மண்டபமெங்கும் பரவிற்று. அவ்வையமே இப்போட்டியின் உயிர். இரத்தமும் வியர்வையுமாய் அரைமணி நேரம் பொருதபின், நிற்கவும் வலுவற்ற இருவரும் ஒருவரையொருவர் முட்டியால் அறைந்து சரிய, ஹொக்குட்டோ மேலே விழுந்து வென்றார். அவ்வாண்டு டிசெம்பரில் நடந்த மறுபோட்டியில் கந்தோரி வென்றார். அவரே பின்னர், 2006 இல், யப்பானியப் பாராளுமன்ற மேற்சபையிலும் அமர்ந்தார்.

அமெரிக்காவில் மற்போருக்கென்றே வாரமொரு மடல் வெளியிட்டுவரும் டேவ் மெல்ட்சர் என்பார், ஒவ்வொரு போட்டிக்கும் நட்சத்திரங்கள் இட்டு மதிப்பிடும் வழக்கத்தைப் பரப்பியவர். ஹொக்குட்டோ, கந்தோரி போட்டிக்கு அவர் ஐந்து நட்சத்திரங்கள் இட்டார். இடத்தக்கதே. எனினும் அக்காலத்தில் மகளிர் சங்கங்கள் ஒன்றையொன்று விஞ்ச முயன்று, வீச்சுகள் மேன்மேலும் உயரமாயும், கழுத்தும் தலையும் முதலில் மோதும்படியாயும் மாறின. 1997 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15 ஆந் திகதி ஹிரோஷிமாவில் நடந்த போட்டியொன்றில் தூக்கி வீசப்பட்ட பிளம் மரிக்கோ என்ற வீராங்கனை நினைவிழந்து, மறுநாள் மரணமானார். கோதாவில் ஏற்பட்ட காயத்தால் யப்பானில் உயிரிழந்த முதல் தொழில்முறை மற்போர் வீரர் அவரே. நட்சத்திரம் எண்ணும் நாம் அப்பெயரையும் எண்ணத்தான் வேண்டும். ஆகையினாலே, விழுந்த உயரத்தை வைத்துப் போட்டியின் தரத்தை அளக்கும் முறையை என்னால் ஏற்க முடியவில்லை. சிகுசா ஒரு கையை உயர்த்தித் தாழ்த்தியதால் விளைந்த துயரத்தை, கழுத்து முறியும் பத்து வீச்சுகளாலும் விளைவிக்க இயலாது.

அகில யப்பான் சங்கம் 2005 இல் மூடப்பட்டது. 2011 முதல் ‘ஸ்ரார்டம்’ என்ற சங்கம் முன்னணிக்கு வந்தது. அதன் வீராங்கனைகளுள் ஒருவரான ஹனா கிமுரா, 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில், இருபத்திரண்டு வயதிலே, தன்னுயிரைத் துறந்தார். தொலைக்காட்சித் தொடரொன்றில் அவர் சினந்துகொண்டதைக் கண்டவர்கள், முகந்தெரியாத நிலையில் இணையத்தின்வழி அவர்மீது வசைமாரி பொழிந்திருந்தனர். அதன் விளைவாக 2022 இல் யப்பானிய அரசு அவமதிப்புக் குற்றத்துக்கான தண்டனையைக் கடுமையாக்கிற்று. டம்ப்பை வெறுத்த சிறுமியர் மண்டபத்தில் அமர்ந்து, அவர் காதிற் கேட்கக் கத்தினர். போட்டி முடிந்ததும் வீடு திரும்பினர். ஹனாவை வெறுத்தவர்களுக்குத் திரும்பிச் செல்ல வேண்டிய வீடும் இல்லை, முடிவு மணியும் இல்லை.

டம்ப் மற்சுமோட்டோ ஓய்வு பெற்ற நாளைப் பற்றி இன்னும் கூறவில்லை. 1988 ஆம் ஆண்டு பெப்ரவரியில், கவாசாக்கியில், அவர் தம் தோழி யுக்காரி ஒமோரியுடன் சேர்ந்து கிரஷ் கேல்ஸ் சோடியை எதிர்த்துப் பொருதார். நால்வரும் 1980 இல் ஒன்றாகச் சங்கத்திற் சேர்ந்தவர்கள். அப்போட்டி முடிந்தபின் கூடுதலாக ஒரு சுற்று நடந்தது. அணிகள் மாறின. அசுக்காவும் ஒமோரியும் ஒரு பக்கம். மறுபக்கத்திலே, கயிற்றைப் பிடித்தபடி, சிகுசாவும் டம்ப்பும் ஒன்றாக நின்றனர்.