வளைவு போனால் உயரம் போகும்

எம்.ஜி.பி. என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கத்தைத் தாங்குபவை இரண்டு லீஃப் ஸ்பிரிங்குகள். நீண்டதும் குறுகியதுமான எஃகுப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டால் கோத்து, வில்போல வளைத்த அமைப்பு அது. முன் நுனி வண்டியின் அடித்தளத்தோடு ஒரே இடத்தில் பூட்டப்பட்டிருக்கும். பின் நுனி சக்கிள் எனப்படும் சிறு ஊஞ்சலில் தொங்கும். பாரம் ஏறி வில் நிமிரும்போது அதன் நீளம் கூடுவதால் அந்த அசைவு தேவைப்படுகிறது. 1962 முதல் 1980 வரை வெளிவந்த இந்தக் காருக்கும், இலங்கை வீதிகளில் இன்றும் ஓடும் மொரிஸ் மைனருக்கும் இந்த ஏற்பாடு பொதுவானது. இரண்டிலும் பின் அக்ஸில் ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்திருக்கும்.

பழைய கார் பின்பக்கம் தாழ்ந்து நின்றால், ‘ஸ்பிரிங் பலமிழந்துவிட்டது’ என்று சொல்வது வழக்கம். பௌதிகம் வேறு விதமாகச் சொல்கிறது. எஃகு எவ்வளவு விறைப்பாக இருக்கும் என்பது அதன் அணுக்கட்டமைப்போடு வந்த குணம்; ஐம்பது வருடம் ஓடினாலும் அது மாறுவதில்லை. பட்டையின் விறைப்பு அதன் அகலத்தோடு நேராகவும், தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தோடும் கூடும். தடிப்பு பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். துருவால் பட்டை கரையாத வரை, முறியாத வரை, தொய்ந்த ஸ்பிரிங்கின் விறைப்புப் புதியதின் விறைப்பேதான். அது இழந்தது வளைவை மட்டுமே. மீண்டும் மீண்டும் எல்லைக்கு மேல் வளைந்ததால் எஃகு நிரந்தரமாகச் சற்று நிமிர்ந்துவிட்டது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் செய்யப்படும் திருத்தங்களே பழைய கார்களை அதிகம் கெடுக்கின்றன.

மாத்தளை மாவட்டம் இத்தகைய ஸ்பிரிங்கை நன்றாகச் சோதிக்கும் இடம். ஏ-9 வீதி மாத்தளை நகரிலிருந்து நாலந்த, நாவுல வழியாக வளைந்து இறங்கித் தம்புள்ளைச் சமவெளிக்குப் போகிறது. ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையோ நக்கிள்ஸ் மலைத்தொடருக்குள் கொண்டையூசி வளைவுகளாக மடிந்து மடிந்து செல்கிறது. ஏற்றத்தில் பாரம் பின்சக்கரங்களுக்கு மாறும். தாழ்ந்த பின்பக்கம் மேலும் தாழும். அப்போது ஒரு பள்ளம் வந்தால் அக்ஸில் மேலே போய், பொடியில் பொருத்திய றப்பர்த் தடுப்பில் மோதும். மோதிய கணத்தில் ஸ்பிரிங் இருந்தும் இல்லாததுதான். சக்கரம் வீதியை விட்டுத் துள்ளும். மலை மழையும் தன் பங்கைச் செய்கிறது. பட்டைகளுக்கிடையில் ஈரம் தங்கித் துருக்குழிகள் உண்டாகின்றன. இழுவிசை அதிகமுள்ள மேற்பரப்பில் இருக்கும் ஒரு சிறு குழியே போதும், வெடிப்பு அங்கிருந்து தொடங்கும்.

தாழ்வு வெளிச்சத்தையும் திசைமாற்றியையும் தொடுகிறது. எம்.ஜி.பி.யின் முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம் 91 அங்குலம், அதாவது 231 சென்ரிமீற்றர். பின்பக்கம் 2.5 சென்ரிமீற்றர் இறங்கினால் முழு வண்டியும் ஏறத்தாழ 0.6 பாகை மூக்கை உயர்த்துகிறது. கேட்கச் சிறியதாகத் தோன்றினாலும், முகப்பு விளக்கின் ஒளி 25 மீற்றர் தூரத்தில் 27 சென்ரிமீற்றர் மேலே போய்விடும். இரவில் எதிரே வரும் பஸ் சாரதியின் கண் கூசுவது இதனால்தான். முன்சக்கரங்கள் திரும்பும் அச்சும் அதே 0.6 பாகை பின்னால் சாய்கிறது. ஸ்டியரிங் சற்றுக் கனக்கும்.

உயரத்தை அளப்பது எளிய வேலைபோலத் தெரியும். உண்மையில் பிழைகள் அதிகம் புகுவது இங்கேதான். தரையிலிருந்து அளந்தால் டயரின் அளவும் காற்றும் கணக்கில் கலந்துவிடும். சக்கர மையத்திலிருந்து நேர் மேலே, சக்கர வளைவின் விளிம்பு வரை அளப்பதே சரி. டயர்களில் காற்றைச் சரிபார்த்து, பெற்றோல் தாங்கியைப் பாதியளவு நிரப்பி, சாரதியின் எடைக்குச் சமமான மூட்டையை வலப்பக்க ஆசனத்தில் வைக்க வேண்டும். ஜக்கிலிருந்து இறக்கியவுடன் அளக்கக் கூடாது. வண்டியைச் சில மீற்றர் முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தை இரண்டு மூன்று தடவை அமுக்கிவிட்டால் பட்டைகளும் றப்பர் புஷ்களும் தம் இடத்தில் அமரும். மலைச்சரிவில் கட்டிய கராஜின் முற்றம் கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் ஏமாற்றும். மேசன்மார் மட்டம் பார்க்கப் பாவிக்கும் தண்ணீர்க் குழாயால் நான்கு சக்கரங்களும் நிற்கும் இடங்களைச் சரிபார்த்துவிடலாம்.

ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் அவசரப்படக் கூடாது. நான்கு கால் மேசையில் ஒரு கால் குட்டையானால் எதிர்மூலைக் காலும் ஆடும். காரிலும் அப்படியே: முன் வலப்பக்க ஸ்பிரிங்கின் குறை, எதிர்மூலையான பின் இடப்பக்கத்தை உயர்த்தி, பின் வலப்பக்கத்தைத் தாழ்வாகக் காட்டக்கூடும். முன்பக்கத்தை நடுவில் வைத்த ஒரே ஜக்கால் தூக்கினால் முன் ஸ்பிரிங்குகளின் பாதிப்பு விலகிவிடும். அதன் பின்னும் பின்பக்கம் சாய்ந்தே நின்றால் குறை பின்னால்தான்.

இனித் திருத்தம். அதிகம் செய்யப்படுவது ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்ப்பது. உயரம் கிடைக்கும், என்ன விலைக்கு என்பதே கேள்வி. வண்டியின் எடையால் ஸ்பிரிங் 10 சென்ரிமீற்றர் அமுங்குகிறது என்று கொண்டால், பின்பக்கம் வினாடிக்கு ஏறத்தாழ 1.6 தடவை ஆடும். விறைப்பை மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் அமுக்கம் 7.5 சென்ரிமீற்றராகக் குறைந்து, தேவையான 2.5 சென்ரிமீற்றர் உயரும். ஆனால் ஆட்டம் 1.8 ஆகிவிடும். பின்பக்கம் மட்டும் விறைத்த கார், ஈரமான வளைவில் பின்சக்கரப் பிடியை முதலில் இழக்கும். ரிவர்ஸ்டன் பாதையில் இது ஆபத்தானது. ஷொக் அப்சோபரை மாற்றுவதும் உயரத்துக்கு உதவாது. எம்.ஜி.பி.யில் இருக்கும் நெம்புகோல் வகை அப்சோபர் ஆட்டத்தை அடக்குமே தவிர எடையைத் தாங்காது. அக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே கட்டை வைப்பதில் இன்னொரு பொறி உண்டு. அக்ஸிலுக்கு மேலே ஸ்பிரிங் இருக்கும் சிறு லொறியை அந்தக் கட்டை உயர்த்தும், எம்.ஜி.பி.யையோ மொரிஸ் மைனரையோ தாழ்த்திவிடும்.

இழந்தது வளைவு என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் வளைவுதான். அடுக்கைப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் வெடிப்புக்குச் சோதித்து, ஏறத்தாழ 850 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி வளைத்து, எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்கி, மீண்டும் 400 முதல் 500 பாகை வரை சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். இந்தக் கடைசிப் படியைத் தவிர்த்தால் எஃகு கண்ணாடிபோல உடையும். கேஸ் சுவாலையால் ஓரிடத்தில் மட்டும் சூடுகாட்டி வளைத்தால் அந்த இடம் மென்மையாகி மீண்டும் தொய்யும். வெப்பத்தைக் கட்டுப்படுத்த வசதியில்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுப்பதைவிடப் புதிய ஸ்பிரிங் வாங்குவது நல்லது. இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பட்டைகளுக்கிடையே கிரபைட் கலந்த கிரீஸ் பூசினால் உராய்வும் துருவும் குறையும்.

பொருத்தும்போது ஒரு விதியை மீறவே கூடாது. ஸ்பிரிங் நுனிகளிலுள்ள றப்பர் புஷ், பெயாரிங் போலச் சுழல்வதில்லை, முறுகி அசைவது. வண்டி ஜக்கில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், இறங்கிய பின் றப்பர் முறுகிய நிலையிலேயே நின்று பின்பக்கத்தைப் பொய்யாகத் தூக்கிப் பிடிக்கும், சீக்கிரம் கிழியும். சக்கரங்கள் தரையில் பாரத்தோடு நிற்கும்போதே கடைசி இறுக்கு.

அதிக உயரமும் குறையே. வில் கூடுதலாக வளைந்து, முன் நுனியைவிட அக்ஸில் மிகவும் கீழே இருந்தால், வளைவில் வண்டி சாயும்போது வெளிச்சக்கரம் மேலேறிப் பின்னோக்கியும் உட்சக்கரம் இறங்கி முன்னோக்கியும் நகரும். அக்ஸிலே வளைவுக்கு வெளியே திரும்பி, பின்பக்கத்தை வெளியே தள்ளும். 1974இல் அமெரிக்க விதிகளுக்காக எம்.ஜி.பி.யின் உயரம் கூட்டப்பட்டு, கனத்த றப்பர் பம்பர்கள் மாட்டப்பட்ட பின் அதன் வளைவு நடத்தை கெட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதராசில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் தயாரித்த ஹெரால்ட் காரில் கணக்கு வேறு. அங்கே ஒரே ஸ்பிரிங் குறுக்காகக் கிடக்கிறது, ஒவ்வொரு சக்கரமும் தன் அரை அக்ஸிலோடு தனியே ஊசலாடுகிறது. பின்பக்கம் தாழ்ந்தால் சக்கரங்களின் தலை உட்பக்கம் சாய்ந்து டயரின் உள்விளிம்பு தேயும். உயர்ந்தால் கடும் வளைவில் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். ஹெரால்டில் உயரத்தைத் திருத்துவது சக்கரச் சாய்வைத் திருத்துவதுமாகும்.

புதிய ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீற்றருக்குள் சிறிது அமரும். பொருத்திய அன்று குறித்த நான்கு அளவுகளோடு, மாத்தளையிலிருந்து தம்புள்ளை வரை சில தடவை போய்வந்த பின் எடுத்தவற்றை ஒப்பிட்டு, அக்ஸிலை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, அதற்குப் பிறகே முகப்பு விளக்குகளைச் சீர்செய்ய வேண்டும்.