இரும்பின் காவலன்: ஆற்றுக்கு ஒன்று, கடலுக்கு வேறொன்று

இரசாயன ஆய்வுகூடத்தில் மகனீசிய நாடா கண்கூச எரிந்ததைப் பழைய மாணவர் எவரும் மறந்திரார். 1808இல் ஹம்பிரி டேவி பிரித்தெடுத்த இவ்வுலோகம் அலுமினியத்தினும் இலேசானது. இரும்பின் நிறையில் நாலிலொரு பங்குதானும் இல்லை. வானூர்தி செய்வோர் இதனை விரும்புவதன் காரணம் இதுவே. ஆயினும் உப்புநீர் பட்டால் இதைப்போல விரைந்து அரிபடும் கட்டுமான உலோகம் பிறிதில்லை. அக்குறையே பிற உலோகங்களுக்குக் காவலாகின்றது.

ஈருலோகங்கள் ஒன்றையொன்று தொட்டவாறு உப்புநீரில் இருப்பின் அங்கே ஒரு மின்கலம் உண்டாகின்றது. இலத்திரன்களை எளிதில் இழப்பது அனோட்டாகிக் கரையும், மற்றையது தப்பும். செம்போடு சேர்ந்தால் இரும்பு கெடும். துத்தநாகத்தோடு சேர்ந்தால் இரும்பு பிழைக்கும். இவ்வுண்மையை டேவியே 1824இல் போர்க்கப்பல்களின் செப்புத் தகடுகளிற் சோதித்தார். செம்பு அரிபடாது நின்றது. ஆனால் செம்பு கரைந்து நஞ்சூட்டாமையால் சிப்பியும் பாசியும் செழித்துக் கப்பலின் வேகம் குன்றியது! கடற்படையினர் அம்முறையைக் கைவிட்டனர்.

முழுதும் அமிழ்ந்த இரும்பு மெல்லவே தேயும். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் எனலாம். 1942 ஏப்ரல் 9இல் யப்பானியர் குண்டுவீச்சிற் சேதமுற்று, மறு ஆண்டில் திருகோணமலைத் துறைமுகத்தில் அமிழ்த்தப்பட்ட சகாயிங் கப்பலை 2018இல் இலங்கைக் கடற்படையினர் மீண்டும் மிதக்கவைத்தனர். அலை தெறித்து நனைந்தும் காய்ந்தும் இருக்கும் பகுதியோ பன்மடங்கு விரைவாக அரிபடும். நீருக்கு மேலுள்ள அவ்விடத்தை எந்த அனோட்டும் காவாது, வர்ணப்பூச்சே காக்கவேண்டும்.

நீருக்குள் எவ்வுலோகத்தைக் காவல் வைப்பது? மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கலக்கும் தோப்பூர், மூதூர்ப் பகுதியார்க்கு இது ஏட்டுக் கேள்வியன்று. கடல்நீர் மின்னை நன்கு கடத்துவது. அங்கே இரும்பைக் காக்கத் துத்தநாகம் தரும் கால் உவோற்று மேலழுத்தமே போதும். மகனீசியமோ 0.7 உவோற்று வரை தந்து, மிகைமின்னால் வர்ணத்தைக் கொப்புளிக்கச் செய்து, தானும் விரைவில் தீர்ந்துபோகும். அதிலும் ஏறக்குறையப் பாதி, எதனையும் காவாது ஐதரசனை வெளிவிட்டு வீணாகும். ஆற்றுநீரில் நிலைமை தலைகீழ். நன்னீர் மின்னைத் தடுக்கின்றது. துத்தநாகத்தின் மேற்பரப்பிலும் பொருக்குப் படிந்து அதனைச் செயலறச் செய்கின்றது. அவ்விடத்தில் மகனீசியத்துக்கு நிகரில்லை. மண்ணிற் புதைத்த குழாய்களுக்கும் அதுவே ஏற்றது.

காலையில் ஆற்றிலும் மாலையிற் கடலிலும் ஓடும் படகுக்கு இரண்டும் முழுப்பொருத்தமல்ல. அலுமினியத்தோடு துத்தநாகமும் சிறிது இந்தியமும் சேர்த்த கலப்புலோகமே அதற்கு உகந்தது. தனி அலுமினியம் உதவாது. அதன்மேற் படரும் ஒட்சைட்டுப் படலம் மின்னோட்டத்தை அடக்கிவிடும்.

படகுக்கு வர்ணம் பூசுவோர், அழகு கருதி இக்காவற் துண்டின்மேலும் தூரிகையை ஓட்டிவிடுவதுண்டு. பூச்சு மூடிய துண்டு கரையாது. கரையாத துண்டு காவாது. அதனைத் தாங்கும் ஆணி, துருவோ வர்ணமோ இடையில் இன்றி, உலோகத்தோடு உலோகமாகத் தொட்டிருத்தல் வேண்டும். துண்டு பாதியளவு கரைந்ததும் புதியதை மாற்றிவிடலாம்.