பழைய பிக்-அப்புக்குப் புது வகை பிரேக் தேவையா? பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை செம்மேடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். வாழைத்தாரும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையில் இறங்கும் ஓட்டுநர்களுக்குப் பழக்கமான பேச்சு ஒன்று உண்டு: "பாதி மலை இறங்கினதும் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது." உங்கள் வண்டி பத்து, பன்னிரண்டு வருடம் ஓடியதாக இருந்தால் பட்டறையில் அடுத்து வரும் யோசனையும் தெரிந்ததுதான்: "பின்னாடி டிரம்மை எடுத்துட்டு டிஸ்க் மாட்டிடலாம்ணே."

மாட்டலாமா, வேண்டாமா? உங்கள் உயிர், பிழைப்பு, எதிரே வருபவரின் உயிர் மூன்றும் இந்த முடிவில் இருக்கின்றன. பணத்தை எடுப்பதற்கு முன் கீழே உள்ளதை வரிசையாகச் சரிபாருங்கள்.

பிரேக் கொஞ்சம் குறைந்தால் என்ன ஆகும்?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். குறுக்கே ஆடு வருகிறது. கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆனாலே வண்டி 17 மீட்டர் ஓடிவிடும். நல்ல பிரேக், உலர்ந்த சாலை என்றால் அதன் பிறகு சுமார் 23 மீட்டரில் நிற்கும். பிரேக்கின் பிடி மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால், இன்னும் சுமார் 12 மீட்டர் தள்ளிப் போய்த்தான் நிற்கும். அது இரண்டு பிக்-அப்பின் நீளத்தை விட அதிகம். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது.

முதல் கேள்வி: புதிதாக வாங்கியபோது நன்றாகப் பிடித்ததா?

"ஆமாம், இப்பதான் பிடிக்கல" என்றால் குறை பெரும்பாலும் தேய்மானத்தில் இருக்கும். பெரும்பாலான பிக்-அப்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் இருக்கும். முன் பேட், பின் லைனிங், டிரம்மின் உள்பக்கத் தேய்மானம், வீல் சிலிண்டர் கசிவு, ரப்பர் ஹோஸ் வெடிப்பு, மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்லுங்கள்.

பலர் மறப்பது பிரேக் ஆயிலை. அது காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் வந்தால், பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. எனவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அல்லது வண்டியின் கையேடு சொல்லும் கணக்கில், ஆயிலை முழுதாக மாற்றி ஏர் எடுத்துவிடுங்கள்.

நிற்கும் வண்டியில் நீங்களே செய்யக்கூடிய மூன்று சோதனைகள்:

- இன்ஜினை நிறுத்திவிட்டு பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள். மிதித்தபடியே இன்ஜினைப் போடுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.
- இன்ஜின் ஓடும்போது பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருந்தால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது.
- லேசான சரிவில் ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டுப் பாருங்கள். வண்டி நகரக் கூடாது. முன்னால் ஆள் யாரும் நிற்க வேண்டாம், கால் பெடலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இரண்டாவது கேள்வி: காலி வண்டியில் பிடிக்குதா, லோடில் மட்டும் பிடிக்கலையா?

அப்படியானால் பட்டறைக்கு முன் எடை மேடைக்குப் போங்கள். உங்கள் ஆர்.சி.யில் மொத்த எடை என்று ஒரு அளவு இருக்கும். வண்டி, சரக்கு, ஆட்கள் எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டக் கூடாது. பிரேக்கை வடிவமைத்ததும் அந்த எடைக்குத்தான். 30 சதவீதம் கூடுதலாக ஏற்றினால், அதே வேகத்தில் நிறுத்த பிரேக் 30 சதவீதம் கூடுதல் வெப்பத்தைத் தாங்க வேண்டும். எந்த டிஸ்க்கை மாட்டினாலும் ஆர்.சி.யில் உள்ள எடை மாறாது. அதிக எடைக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவில் 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் உண்டு. தினமும் லோடு கூடுதல் என்றால் உங்களுக்குத் தேவைப்படுவது பெரிய வண்டி, அல்லது இன்னொரு நடை.

டயரையும் பாருங்கள். கம்பெனி அளவை விடப் பெரிய டயர் போட்டிருந்தால் அதே பிரேக்குக்குப் பிடி குறையும். பழைய அளவுக்குத் திரும்பினாலே வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது கேள்வி: இறக்கத்தில் எப்படி ஓட்டுகிறீர்கள்?

எந்த கியரில் ஏறினீர்களோ, ஏறக்குறைய அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். பெடலில் காலை வைத்தபடியே இறங்கினால் டிரம் சூடேறி பிடி விட்டுப்போகும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே விடாதீர்கள். இன்ஜின் நின்றால் பூஸ்டரின் உதவி ஓரிரண்டு மிதிக்கு மேல் வராது. எரிந்த வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி ஆற விடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

சரி, டிஸ்க் மாற்றினால் என்ன தப்பு?

டிஸ்க் சீக்கிரம் ஆறும் என்பது உண்மைதான். ஆனால் முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று கம்பெனி அளந்து வைத்த கணக்கு ஒன்று இருக்கிறது. பல பிக்-அப்களில் லோடுக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வும் உண்டு. பின்னால் மட்டும் பலமான பிரேக் மாட்டினால், காலி வண்டியில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். மழைச் சாலையில் வண்டி சுழன்றுவிடும். மேலும் பெரும்பாலான பிக்-அப்களில் ஹேண்ட் பிரேக் வேலை செய்வதே பின் டிரம்மில்தான். டிரம்மை எடுத்தால் அதுவும் போகும்.

சட்டமும் இருக்கிறது. சட்டமும் விதிகளும் அனுமதிக்காத வகையில் உதிரி பாகம் மாட்டி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு, 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். எஃப்.சி. ஆய்விலும், விபத்துக்குப் பின் காப்பீட்டிலும் சிக்கல் வரலாம். உங்கள் மாடலுக்கென்று தயாரிப்பாளரே ஏற்ற பாகம் இருக்கிறதா என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். அதற்கு மேல் எந்த மாற்றம் என்றாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வேலை முடிந்த பிறகு அனுமதி கேட்பது நமக்கே வினை.

கைபேசியில் இன்றே செய்யுங்கள்

எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்.சி., காப்பீடு எந்தத் தேதி வரை என்று பாருங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் ஆகும் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். தேதிக்கு ஒரு மாதம் முன்பே பிரேக் வேலையை முடித்துவிட்டு, பரிவாஹன் தளத்தில் விண்ணப்பியுங்கள். தானியங்கி சோதனை நிலையத்தில் ரோலர் மேல் ஏற்றிப் பார்ப்பார்கள். எந்தச் சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். அந்த அறிக்கையையும் பாகங்கள் வாங்கிய பில்லையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட உதவும்.

எல்லாம் புதிதாக மாற்றியும், எடை சரியாக இருந்தும், பிரேக் திருப்தி இல்லை, சேஸியிலும் துரு என்றால், அந்த வண்டிக்கு இனி செலவு செய்வதில் பொருள் இல்லை. பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்தால் வைப்புச் சான்று கிடைக்கும். புது வண்டி வாங்கும்போது பதிவுக் கட்டண விலக்குக் கோர அது பயன்படும்.

பெரும்பாலான பழைய பிக்-அப்களுக்கு விடை எளிது: கம்பெனி கொடுத்த அதே பிரேக்கைப் புதுசு போல ஆக்குங்கள், ஆர்.சி. சொல்லும் எடையை மட்டும் ஏற்றுங்கள், இறக்கத்தில் கியரில் இறங்குங்கள். இந்த வாரம் பட்டறைக்குப் போகும்போது, "பிரேக்கை மாத்தணும்" என்பதற்குப் பதிலாக "நாலு வீலையும் கழட்டிக் காட்டுங்க" என்று கேட்டுத் தொடங்குங்கள்.