மகிழ்ச்சிக்கு எத்தனை மதிப்பெண்?

“உங்கள் வலிக்கு 0 முதல் 10 வரை எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள்?” மருத்துவமனையில் நோயாளரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. நாடுகளின் மகிழ்ச்சியை அளப்பதற்கும் ஏறத்தாழ இதே முறைதான் கையாளப்படுகிறது. வாழ்க்கையை ஓர் ஏணியாக எண்ணிக்கொண்டு, 0 முதல் 10 வரையுள்ள படிகளில் தாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று மக்கள் சொல்ல வேண்டும். 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை இந்தப் பதில்களைக் கொண்டே நாடுகளை வரிசைப்படுத்துகிறது.

கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால், பதில் சொல்பவர் வளர்ந்த பண்பாடும் அந்தப் பதிலுக்குள் வந்துவிடுகிறது. சீன, ஜப்பானிய மாணவர்கள் வட அமெரிக்க மாணவர்களைவிட அளவுகோலின் நடுப்புள்ளியை மிகுதியாகத் தேர்ந்தெடுப்பதை 1995-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மிகுதியாகச் சொல்லத் தயங்கும் இந்த இயல்பு இரு நாட்டாருக்கும் பொது. எனினும், மகிழ்ச்சி என்றால் என்ன என்பதில் அவர்களுக்கிடையே வேறுபாடுகள் உண்டு. நோயுற்ற வீட்டில் இருப்போர்க்கு அவ்வேறுபாடுகள் சிலவற்றை உணர்த்தக்கூடும்.

சீனரின் ஐந்து பேறுகள்

புத்தாண்டின்போது சீன வீடுகளின் வாயிலில் சிவப்புத் தாளில் எழுதி ஒட்டப்படும் ‘ஃபூ’ என்னும் எழுத்து நற்பேற்றைக் குறிக்கும். நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலத்தோடு கூடிய மன அமைதி, அறத்தில் விருப்பம், காலம் கனிந்து அமைதியாக வாழ்வு நிறைவுறல் என்று ஐந்து பேறுகளைப் பழஞ்சீன நூலான ‘ஷூஜிங்’ வகுத்துரைக்கிறது. ‘பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க’ என்னும் நம் வாழ்த்துக்கு இது நெருங்கிய உறவு. இரண்டுமே மகிழ்ச்சியைத் தனியொருவரின் மனநிலையாகக் கருதாமல், ஒரு வீடு முழுவதும் பெறும் பேறாகக் கருதுகின்றன.

இன்பமும் துன்பமும் ஒன்றையொன்று தொடர்ந்து வரும் என்பதும் சீனர்களின் பழைய நம்பிக்கை. எல்லையோரத்து முதியவர் ஒருவரின் குதிரை ஓடிப்போகிறது. பிறகு நல்ல குதிரையொன்றை உடன் அழைத்துக்கொண்டு திரும்பி வருகிறது. அதன்மீது ஏறிய மகன் விழுந்து கால் முறிகிறது; அதனாலேயே அவன் போருக்குப் போகாமல் உயிர் பிழைக்கிறான். ‘ஹுவைநான்சி’ என்னும் நூலில் உள்ள இக்கதையைச் சீனக் குழந்தைகள் இன்றும் கேட்டு வளர்கிறார்கள். நல்லது நேரும்போது துள்ளிக் குதிக்காமலும், தீயது நேரும்போது இடிந்து போகாமலும் இருக்க இக்கதை பழக்குகிறது.

ஜப்பானியரின் அமைதியான நிறைவு

ஜப்பானியர் மகிழ்ச்சியை ‘ஷியாவசே’ என்பர். நிகழ்வுகள் ஒன்றோடொன்று பொருந்தி அமைதல் என்பதே அச்சொல்லின் பழம்பொருள். கியோட்டோ பல்கலைக்கழக உளவியலாளர் யுகிகோ உச்சிதாவும் ஹிதெஃபுமி ஹிதோகோதோவும் 2015-இல் ஒரு மகிழ்ச்சி அளவுகோலை வெளியிட்டனர். சுற்றியிருப்போரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா, பெருங்கவலை இல்லாமல் அமைதியாக நாள் நகர்கிறதா, பிறரைப் போன்ற இயல்பான வாழ்க்கை அமைந்திருக்கிறதா என்பனவே அது ஆராயும் செய்திகள். உச்சிதாவும் ஷினோபு கிதயாமாவும் 2009-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மகிழ்ச்சியின் தன்மைகளைப் பட்டியலிட்ட ஜப்பானியர்கள் அதன் குறைகளையும் சேர்த்தே எழுதினர். அது நிலைக்காது, பிறரின் பொறாமையைத் தூண்டும், அக்கம்பக்கத்தாரை மறக்கச் செய்யும் என்றனர்.

சீனருக்கு மகிழ்ச்சி, வாயிலில் எழுதி வரவேற்கத்தக்க பேறு. ஜப்பானியருக்கோ அது உரத்துப் பேசாமல் காக்க வேண்டிய அமைதி. கோடிக்கணக்கான மக்கள் அனைவரும் இவ்வாறே எண்ணுவர் என்று கொள்ளலாகாது. பொதுவான சாய்வுகளே இவை.

நோய் வரும்போது

பிறரோடு பிணைந்த மகிழ்ச்சி நோயுற்றவரைத் தாங்கும். சில வேளைகளில் வருத்தவும் செய்யும். பிறருக்குத் தொல்லை தரலாகாது என்று வளர்ந்த ஜப்பானியர் தம் வலியை அடக்கிக்கொள்வதுண்டு. கடும்நோய்ச் செய்தியை முதலில் குடும்பத்தாரே கேட்டறிந்து, நோயாளரிடம் மறைப்பது சீனக் குடும்பங்கள் பலவற்றில் வழக்கம். அன்பினால் செய்யப்படும் இவ்விரண்டும் நமக்குப் புதியவை அல்ல. நாவலூரிலும் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் உள்ள வீடுகளில், “பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டேன்” என்று தாயும், “அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்” என்று மகனும் தனித்தனியே வருந்துவதுண்டு. இருவரும் மற்றவரின் மகிழ்ச்சியைக் காக்கவே முயல்கின்றனர், இருவரும் தனியராகிவிடுகின்றனர்.

இந்நிலைக்கு ஜப்பானிய மனநல மருத்துவர் மியேகோ காமியாவின் பணி வழிகாட்டுகிறது. நாகஷிமா தீவிலுள்ள தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய அவர், ஒரே நோயும் ஒரே கட்டுப்பாடுகளும் கொண்டவர்களுள் சிலர் மட்டும் நிறைவோடு வாழ்வது ஏன் என்று ஆராய்ந்தார். 1966-இல் வெளியான அவரது நூல் ‘இகிகாய்’ பற்றியது. வாழ்வதற்குரிய பொருள் என்று அதைத் தமிழில் சொல்லலாம். இன்றைய பொழுது இருண்டிருந்தாலும், நாளை தன்னை எதிர்பார்க்கும் ஒரு பணியோ ஓர் உயிரோ இருக்கிறது என்னும் உணர்வு அது. அந்நோயை நம் மாவட்டமும் நன்கறியும். செங்கற்பட்டு அருகே திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையை 1955-இல் நடுவண் அரசு ஏற்று, கற்பித்தல், ஆராய்ச்சி நிறுவனமாக்கியது.

படுக்கையில் இருப்பவருக்கும் அத்தகைய பணி ஒன்றை விட்டுவைப்பது நல்லது. பேரனின் பாடத்தைக் கேட்பது, சமையலுக்குப் பக்குவம் சொல்வது, வீட்டுக் கணக்கைப் பார்ப்பது என உடல் இடங்கொடுக்கும் எதுவும் போதும். “நீங்கள் ஓய்வெடுங்கள்” என்று அனைத்தையும் பறித்துக்கொள்ள வேண்டாம்.

நோயின் விவரத்தை எவ்வளவு அறிய விரும்புகிறார், யார் உடனிருக்க வேண்டும் என்று நோயாளரையே முதலில் கேளுங்கள். நோயாளர்கள் வலியின் மதிப்பெண்ணைச் சொல்லும்போது, அதனால் உறக்கம் கெடுகிறதா, உணவு இறங்குகிறதா, நடக்க முடிகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் தயங்கிச் சொல்லும் ‘5’ உண்மையில் ‘8’ ஆக இருந்தால், அதற்கேற்ற மருந்து உங்களுக்குக் கிடைக்காமல் போகும். வலியைச் சொல்வது எவருக்கும் தொல்லை தருவதாகாது.

உடனிருந்து கவனிப்போர்க்கும் ஒரு சொல். தாய் படுத்திருக்கையில் தேநீர்க் கடையில் நண்பரோடு சிரித்துவிட்டதற்காக நீங்கள் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. சுற்றியிருப்போரின் நலமும் தம் மகிழ்ச்சியின் பகுதி என்று எண்ணுபவருக்கு, நீங்கள் உண்டு, உறங்கி, சிறிது சிரித்து வருவதும் ஆறுதலே.